கடலூர் இமெல்டாவின் ஒரே பாட்டு

பினாங்குக்குக் கல்யாணம் சாப்பிடப் போய், கடலூருக்கு வேலை வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பினாங்கில் என் மச்சினி இருக்கிறாள். அவள் மகளின் கல்யாண விருந்தில் நான் என் வழக்கமான பேச்சை எடுத்துவிட்டேன். எனக்கு ஜாஸ் பைத்தியம். அதிலும் ஊரறிந்த பெயர்கள் மேல் இல்லை. ஒரு காலத்தில் கல்கத்தா, பெங்களூரு, கொழும்பு ஓட்டல்களில் பாடிவிட்டு, ஒன்றிரண்டு இசைத்தட்டில் குரலை வைத்துவிட்டுக் காணாமல் போன பெண்கள்தான் எனக்கு வேண்டும். கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் விற்பது சோற்றுக்கு. மிச்ச நேரமெல்லாம் இந்தத் தேடல். பெங்களூருப் பாடகி ஒருவரின் தட்டைக் கண்டுபிடித்தபோது, அவர் மருமகள் அதைத் தயிர்ச்சட்டிக்கு மூடியாக வைத்திருந்தார். கொழும்புக்காரி ஒருவரின் தட்டு பாதிதான் கிடைத்தது. இதையெல்லாம் நான் சொல்ல ஆரம்பித்தால் மேஜை காலியாகிவிடும் என்பது என் மனைவியின் அனுபவம். அன்றைக்கும் காலியானது. ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அவர்தான் ரீட்டா அக்கா. மச்சினிக்குப் பக்கத்து வீடு, அறுபதைத் தாண்டியவர். "எங்கம்மாவும் இந்த மாதிரிதான் பாடுவாங்களாம் தம்பி," என்றார். நான் மீஹூன் நூடுல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அம்மா பெயர் இமெல்டா. ஊர், கடலூர் முதுநகர். கப்பல் பாண்டில் ட்ரம்பெட் ஊதிய ஒரு பினாங்குக்காரரைக் கட்டிக்கொண்டார். ஓட்டல்களில் வேலை கேட்கும்போது போட்டுக் காட்டுவதற்காக, மெட்ராஸில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஒரு தட்டு பதிவு செய்தார்கள். மெட்டு அவருடையது, குரல் இவருடையது. பினாங்கு ஓட்டல்காரரோ தட்டைக் கேட்காமலே வேலை கொடுத்துவிட்டார். அதனால் தட்டைக் கடலூரில் அண்ணனிடம் கொடுத்துவிட்டு இமெல்டா கப்பலேறினார். ரீட்டா அக்கா பிறந்து ஒரு வயது முடிவதற்குள் இமெல்டா காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவிடம் மிச்சம் இருப்பது ஒரு போட்டோ. அப்புறம், அப்பா சாகிற வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த மெட்டு. அம்மாவின் குரலை அவர் கேட்டதே இல்லை.

"இடது காது போயிருச்சு தம்பி. வலதும் இந்த வருஷத்த தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒருதடவ கேட்டுட்டேன்னா போதும். அப்புறம் நீங்க பக்கத்துல உக்காந்து பாடினாக்கூட எனக்குக் கவலை இல்ல லா," என்றார் பினாங்குத் தமிழில். சற்று முன்புதான் நான் ஒரு பாட்டைப் பாடிக் காட்டியிருந்தேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. மெட்டை முணுமுணுக்கச் சொல்லி என் போனில் பதிவு செய்துகொண்டேன். "கண்டுபிடிச்சுத் தர்றனுங்கக்கா," என்று வாக்கும் கொடுத்தேன். தூரத்தில் நின்றிருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டது தெரிந்தது.

*

முதல் நாள் கடலூர். கோயம்புத்தூரில் உழைத்தால் வேர்க்கும். கடலூரில் சும்மா நின்றாலே வேர்க்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரிடம், "ஏனுங்க, முதுநகர் போகோணுங்க," என்றேன். அவர் மீட்டரைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ.டி.ன்னு சொல்லு சார், ஓல்டு டவுன். கோயமுத்தூரா? இவ்ளோ மரியாதயா கூப்ட்டா நான் எப்பிடி சார் ஜாஸ்தி கேக்கறது? ஏறு, ஏறு."

போகும் வழியில் விஷயத்தைச் சொல்லி, போனில் ரீட்டா அக்காவின் முணுமுணுப்பைப் போட்டேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "கேட்ட பாட்டுதான் சார். எங்கன்னுதான் வர மாட்டுது," என்றார். உப்பனாற்றுப் பாலம் தாண்டியதும் திடீரென்று, "சாப்ட்டியா சார்?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், இறால் தொக்கு. எங்கள் ஊரில் மீன் லாரியில் ஐஸ் போர்த்திக்கொண்டு வரும். இங்கே அதற்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. இரண்டு முறை சோறு வாங்கினேன். ஆட்டோக்காரர் மூன்று முறை.

இமெல்டாவின் அண்ணன் வீடு இப்போது மீன்வலைக் கோடவுன். எதிர்வீட்டில் மார்கரெட் டீச்சர் என்று ஒரு ரிட்டயர்டு ஆசிரியை. அண்ணன் குடும்பத்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவுங்க எல்லாரும் வீட்ட வித்துட்டு ஆஸ்திரேலியா போயிட்டாங்க சார். எவ்ளோ வருஷம் ஆயிடுச்சு! போவும்போது, ரேடியோ செட்டு கட்றவரு ஒருத்தரு வந்து, கிராமபோன் பொட்டி, தட்டு எல்லாத்தயும் அப்பிடியே அள்ளினு போயிட்டாரு."

"அவரு எந்த ஊருங்க டீச்சர்?"

"அதெல்லாம் யாரு கேட்டா? வீடு காலியானா போதும்னு இருந்தாங்க."

அவருக்கும் மெட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "இருந்து சாப்ட்டுப் போங்களேன். சாம்பார் சூடா இருக்கு," என்றார். வயிற்றில் கடுகளவு இடம் இல்லை. மறுத்ததற்கு அவர் வருத்தப்பட்டார். லாட்ஜுக்குத் திரும்பி வரவேற்பில் இருந்தவரிடம் அதே மெட்டைப் போட்டேன். "மெஸ்ஸ மூடிருவாங்க சார், சீக்கிரம் போங்க," என்று விரட்டினார்.

கடலூர்க்காரர்களின் உபசாரத்தைப் பற்றி அன்று மனைவியிடம் போனில் நிறையப் பேசினேன். எங்கள் ஊரில் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் வணக்கம் என்று பொருள். இங்கே நிஜமாகவே சோற்றைப் போடுகிறார்கள். "போன வேல என்னாச்சுங்க?" என்று அவள் கேட்டாள். நான் இறால் தொக்கைப் பற்றிச் சொன்னேன்.

*

இரண்டாம் நாள் சிதம்பரம். பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்று அங்கே இருப்பதாகக் கோவை நண்பர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பண்ருட்டி அம்மா, மடியில் பலாப்பழம். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்காம். "கொஞ்சம் புடி தம்பி, முந்தானைய சரி பண்ணிக்கறேன்," என்று என் மடிக்கு மாற்றினார். முந்தானையைச் சரிசெய்தார். அப்படியே தூங்கிப்போனார்.

புதுச்சத்திரம் பக்கத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. "பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்கோங்க," என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். அந்த அம்மா கைவீசிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். நான் பலாப்பழத்தோடு படிக்கட்டுக்கு மேலே நின்றேன். பலாமுள் வயிற்றில் குத்த, ஜாஸ் ஆராய்ச்சிக்காக இப்படி யாராவது சிலுவை சுமந்திருப்பார்களா என்று யோசித்தேன். சிதம்பரத்தில் இறங்கியதும் பழத்தை வாங்கிக்கொண்டு, "நல்ல புள்ள," என்று கன்னத்தை வழித்தார். எனக்கு வயது ஐம்பத்தைந்து.

தெற்கு வீதியில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஜாஸ் இல்லீங்க சார். பக்தி இருக்கு, தரட்டா?" என்றார். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

மத்தியானம் கீழ வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் வரிசையில் நின்றேன். காலையில் இட்லியும் கொத்சும் அங்கே பேர் போனவையாம். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்வது. நான் போனபோது கொத்சு தீர்ந்து, சாப்பாட்டுக்குக் கூட்டம் காத்திருந்தது. அந்த நேரத்தில் ரீட்டா அக்கா போன் செய்தார். "ஏதாச்சும் தெரிஞ்சிச்சா தம்பி?" என்றார். குரலில் அவசரம் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. "தேடிட்டு இருக்கறனுங்கக்கா," என்று சொல்லி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மெட்டை இன்னொரு முறை போட்டேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். வரிசை என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் குழாயடிக்கே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே இருந்து மெஸ்காரம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"யாருய்யா பாட்டப் போட்டது? இன்னும் எல கூட போடல, அதுக்குள்ள எந்தக் கம்மனாட்டி பாட்டப் போட்டான்?"

கையில் போனோடு நின்ற கம்மனாட்டி நான்தான்.

"ஏனுங்கம்மா, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றேன். 

"நல்லா கேட்டீங்க போங்க! சாப்பாட்டுப் பாட்டு சார் இது! கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, எங்க போனாலும் இதப் போட்டா பந்தி ரெடின்னு அர்த்தம். கடலூர்லேந்து இங்க வரைக்கும் எல்லா செட்டுக்காரனும் இதான் போடுவான். ஆரம்பிச்சு வெச்சது குறிஞ்சிப்பாடி பலராமனோட அப்பா."

நேற்று முழுக்க நான் சாப்பிட்ட உபசாரம் எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. உலகம் மறந்துபோன பாடகி என்று நான் ஊரூராகத் தேடுகிறேன். இங்கே ஒரு ஜில்லாவே அவர் குரலுக்குக் கை கழுவ ஓடுகிறது! அப்படியே அந்தம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. கரண்டி இருந்ததால் செய்யவில்லை.

*

பலராமனின் நம்பர் எல்லோரிடமும் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் சிதம்பரத்திலேயே ஒரு மண்டபத்தில் மறுநாள் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். டீசர்ட்டின் முதுகில் 'டி.ஜே. பலராமன்' என்று அவர் பெயரே எழுதியிருந்தது.

"எங்கப்பா மூளக்காரரு சார்," என்றார். "சினிமா பாட்டப் போட்டா ஜனங்க உக்காந்து கேட்டுனே இருக்கும். பந்திக்கு ஏந்திரிக்காது. சமையல்காரன் கத்துவான். அப்பதான் கடலூர்லேந்து அள்ளினு வந்த தட்டுல இது சிக்கிச்சு. போட்டாரு. யாருக்கும் ஒண்ணும் புரியல. 'இன்னாடா கருமம்'னு எல்லாரும் ஏந்திரிச்சி சாப்பிடப் போயிட்டாங்க. அதோட இதான் நம்ம டிரேட்மார்க்கு."

ஜாஸ் பாட்டுக்கு இப்படி ஒரு விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

"அந்தத் தட்டு இன்னும் இருக்குங்களா?"

"பூஜ ரூம்ல இருக்கு சார். நமக்கு சோறு போட்ட தட்டாச்சே! ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வெச்சி, பொட்டு மாதிரி நடுவுல."

"நடுவுலன்னா... அந்தக் கோடு மேலயேவா?"

"சுத்தி ஃபுல்லா வெப்போம் சார்."

நான் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். நல்லவேளை, தட்டு தெய்வமாவதற்கு முன்னாலேயே அவர் அப்பா அதை முழுதாகக் கேசட்டில் ஏற்றியிருந்தார். கேசட்டிலிருந்து பென் டிரைவ், அதிலிருந்து லேப்டாப். மற்ற செட்டுக்காரர்கள் எல்லாம் மண்டபத்தில் போனை நீட்டி முதல் சில வரிகளைத் திருடியவர்கள். முழுப் பாட்டும் பலராமனிடம் மட்டும்தான்.

"முழுசா கேட்டா எப்படிங்க இருக்கும்?"

"யாரு சார் முழுசா கேட்டா? பந்தி ஆரம்பிச்சா நானும் சாப்பிடப் போயிடுவேன்."

ரீட்டா அக்காவைப் பற்றிச் சொன்னேன். பலராமன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "பெத்த பொண்ணு கேட்டதில்லயா சார்? அய்யய்யோ," என்றார். "நாளைக்கி தாலி கட்டி முடியட்டும். பந்திக்குப் போடறப்ப அவுங்கள போன்ல வெச்சிக்கோங்க. முழுசா ஓடட்டும். அப்புறம் உங்களுக்கும் ஏத்தித் தரேன். ஆனா ஒண்ணு, தாலிக்கு முன்ன அந்தப் பக்கமே போவக் கூடாது. போட்டோம்னா முடிஞ்சிது."

*

மூன்றாம் நாள். பெண் வீட்டுக்காரர்கள் நான் மாப்பிள்ளை வீடு என்று சந்தனம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நான் பெண் வீடு என்று கற்கண்டு கொடுத்தார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு பலராமனின் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

ரீட்டா அக்கா அவசரப்பட்டு முன்னதாகவே வீடியோவில் வந்துவிட்டார். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்திருந்தார். "என்ன லா இப்படிப் பாக்கறீங்க? அம்மாவப் பாக்கப் போறேன் இல்ல?" என்றார். மேடையில் ஐயருக்கு மைக் வேலை செய்யவில்லை என்று பலராமன் அங்கே போயிருந்தார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குக் கூட்டத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தது.

நான் லேப்டாப்பை அக்காவுக்குக் காட்டினேன். திரையில் வரிசையாகப் பாட்டுகள். அதில் ஒன்றுக்கு 'சாப்பாடு' என்று பெயர். "இதுதானுங்கக்கா உங்கம்மா," என்று விரலை வைத்துக் காட்டினேன். எங்கள் வீட்டு லேப்டாப்பில் விரலை வைத்தால் தூசிதான் ஒட்டும். இது விரல் பட்டாலே பாடுகிற ஜாதி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ட்ரம்பெட் இரண்டு வரி. மண்டபமே அதிர்ந்தது. அடுத்து இமெல்டா.

மொத்தக் கூட்டமும் எழுந்தது. கையில் இருந்த அட்சதையை மேடைப் பக்கமாக வீசிவிட்டு, தாலி கட்டியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி ஓடியது. "டேய், இன்னும் கட்டலடா!" என்று பெண்ணின் தாய்மாமன் கத்தினார். "அப்பளமே இன்னும் பொரிக்கல!" என்று உள்ளே சமையல்காரர் கத்தினார். தாலித் தட்டு வைத்திருந்த அம்மாவும் தட்டோடு பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரை மட்டும் யாரோ வழிமறித்துத் திருப்பினார்கள். பலராமன் மேடையிலிருந்து குதித்து என்னிடம் வரப் பார்த்தார். கூட்டம் எதிர்ப்பக்கம் போனதால் அவரையும் இழுத்துக்கொண்டு போனது. நான் நிறுத்துவதற்காகத் திரையைத் தொட்டேன். சத்தம் கூடியது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

அதனால் பாட்டு ஓடியது. வார்த்தையே கிடையாது. தா, தூ, டீ என்று குரலையே வாத்தியமாக்கிப் பாடுகிற வகை. தாளம் முன்னால் விறுவிறுவென்று போக, இமெல்டா அவசரமே இல்லாமல் பின்னால் கைவீசிக்கொண்டு வந்தார். விட்டுவிடுவாரோ என்று நாம் பதறுகிற நேரத்தில் சரியாக வந்து சேர்ந்துகொண்டார். இத்தனை வருஷம் தேடியதில் இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். வெறிச்சோடிய மண்டபத்தில் மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தப் பாட்டு இவ்ளோ பெருசா?" என்றாள் மணப்பெண்.

"எனக்கும் இப்பதான் தெரியும்," என்றான் மாப்பிள்ளை. தவில்காரர் மடியில் கிடந்த தவிலை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார்.

போனைப் பார்த்தேன். திரை முழுக்க ரீட்டா அக்காவின் வலது காது. தோடு ஆடாமல் இருந்தது.

பாட்டு முடிந்தது. ஆனால் தட்டு முடியவில்லை. ஸ்டூடியோவில் நிறுத்த மறந்திருக்கிறார்கள். நாற்காலி நகரும் சத்தம். மூச்சு வாங்குகிற ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு இமெல்டா, ட்ரம்பெட் ஊதிய மனுஷனிடம் போலிருக்கிறது, அசல் கடலூர்த் தமிழில் கேட்டார்:

"நல்லா வந்துச்சா?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் நின்று கேட்டதில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நல்லா வந்துச்சும்மா," என்றது போன்.

*

முகூர்த்தம் முடிய நேரம் இருந்தது. அதனால் உயிர் பிழைத்தேன். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாருய்யா நீ? மாப்ள வூடா?" என்று என் சட்டையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பா, "உங்க ஆளு இல்லயா சம்பந்தி?" என்றார். பலராமன் இடையில் புகுந்தார். "மாமா, மாமா, விடுங்க! இவுரு நமக்கு பாடினு இருக்கற அம்மாவோட சொந்தம்," என்று போனில் இருந்த ரீட்டா அக்காவைக் காட்டினார். பெண்ணின் அப்பா பிடியை விட்டுவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டு, போனைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்கம்மா பாட்டுலதாம்மா நான் என் கல்யாணத்துலயே சாப்ட்டேன்," என்றார்.

கூட்டத்தைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். சிலர் இலையில் உப்பு வைத்தாகிவிட்டது என்று முரண்டு பிடித்தார்கள். ஒருவழியாக மேளம் கொட்டித் தாலி ஏறியது.

ரீட்டா அக்கா எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அப்ப, எங்கம்மா கூப்பிட்டா அங்க எல்லாரும் சாப்பிட வருவாங்களா தம்பி?"

"ஜில்லாவே வருதுங்கக்கா."

"என்ன ஒரு நாளும் கூப்பிட்டதில்லயே," என்றார்.

 நான் பலராமனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார். "அப்பளம் பொரிச்சாச்சாம் சார். இப்ப போடட்டா?" என்றார்.

ட்ரம்பெட் மறுபடி இரண்டு வரி. கூட்டம் மறுபடி எழுந்தது. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. போன் திரையில், பினாங்கில், ரீட்டா அக்காவும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இருங்க தம்பி, வச்சிராதீங்க," என்றார். "கை கழுவிட்டு வர்றேன்."